பலகை எழுதுமுன் சான்றிதழ் கேளுங்கள்

கடலூர், சிதம்பரம் ஜவுளிக் கடைகளுக்குத் திருப்பூர்ச் சரக்கு புதிதல்ல. 'மறுசுழற்சி ஆர்கானிக் பருத்திச் சட்டை' என்ற பெயரில் சரக்கு வந்தால், வாங்குமுன் நாம் அறிய வேண்டியவை சில உண்டு.

பின்னலாடை வெட்டும்போது விழும் துண்டுகளை நிறவாரியாகப் பிரித்து, இயந்திரத்தில் கிழித்துப் பஞ்சாக்கி, ஓ.இ. மில்களில் மீண்டும் நூலாக்குகின்றனர். பழைய சாயமே நிறம் தருவதால் பெரும்பாலும் மறுபடி சாயமிடத் தேவையில்லை. சாயக்கழிவால் நொய்யல் கெட்டு, 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதை ஜவுளி வணிகர் மறந்திருக்க மாட்டோம். அந்த வகையில் இது நல்ல சரக்கே.

குறையும் உண்டு. கிழிபட்ட இழை குட்டையாகிவிடும். வலுவுக்காகப் புதுப் பருத்தியோ பாலியெஸ்டரோ கலப்பார்கள். கலவை விகிதத்தைப் பில்லிலேயே எழுதி வாங்குவது நலம்.

'ஆர்கானிக்' என்ற சொல்லில்தான் எச்சரிக்கை தேவை. துண்டு எந்தத் துணியில் விழுந்தது என்பதைக் கண்ணால் கண்டு சொல்ல இயலாது. ஜி.ஓ.டி.எஸ். தரத்தில் 'ஆர்கானிக்' முத்திரைக்கு 95 சதவீதம் இயற்கை வேளாண் இழை வேண்டும். ஜி.ஆர்.எஸ். முத்திரைக்கு 50 சதவீதமாவது மறுசுழற்சிப் பொருள் வேண்டும். ஆதாரமற்ற பசுமை விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டுள்ளது. அவை வணிகரையும் கட்டுப்படுத்தும்.

எனவே மொத்த வியாபாரியிடம் சான்றிதழ் நகல் கேட்போம். தராவிட்டால் 'ஆர்கானிக்' என்று பலகை எழுத வேண்டாம். கலவையைச் சொல்லியே விற்போம். தீபாவளிக் கூட்டத்தில் விற்கும் நாலு சட்டையைவிட, அடுத்த ஆண்டும் கடைப்படி ஏறும் வாடிக்கையாளரே நமக்கு முதல்.