நூற்றுக்கணக்கான பட்டன்கள்... ரெக்கார்டிங் ஸ்டூடியோ மிக்ஸிங் கன்சோல் எப்படி வேலை செய்கிறது?

பாடல் பதிவு வீடியோக்களில் இந்தக் காட்சியை அடிக்கடி பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடகர், இந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர். இன்ஜினியர் முன்னால் பெரிய மேஜை அளவுக்கு ஒரு கருவி. அது முழுக்க பட்டன்கள், திருகும் நாப்கள். அதுதான் மிக்ஸிங் கன்சோல்.

‘இத்தனையையும் ஒரு மனுஷன் எப்படி ஞாபகம் வச்சுக்கிறார்?’ என்று தோன்றும். ஆனால், அவ்வளவு ஞாபகசக்தி தேவையே இல்லை. ஏன் தெரியுமா?

ஒன்று புரிந்தால் 24-ம் புரியும்

24 சேனல் கன்சோல் என்றால், ஒரே மாதிரியான 24 வரிசைகளைப் பக்கம் பக்கமாக வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மேலிருந்து கீழாகப் போகும் இந்த ஒவ்வொரு வரிசைக்கும் ‘சேனல் ஸ்ட்ரிப்’ என்று பெயர். ஒரு மைக்குக்கு ஒரு சேனல். முதல் சேனலில் பாடகர், இரண்டாவதில் வயலின், மூன்றாவதில் தபேலா என்று பிரித்துக் கொடுப்பார்கள். ஒரு வரிசையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் போதும். மீதி எல்லாம் அதே கதைதான்.

கெயின்: முதல் நாப், முக்கியமான நாப்

மைக்கில் இருந்து வரும் மின் சிக்னல் ரொம்பச் சின்னது. பெரும்பாலும் சில மில்லிவோல்ட்தான் இருக்கும். கன்சோலுக்குள் வேலை நடக்க சுமார் 1 வோல்ட் அளவுக்கு அதைத் தூக்க வேண்டும். இதைச் செய்வது ‘ப்ரீஆம்ப்’. எவ்வளவு தூக்க வேண்டும் என்று முடிவு செய்வது ‘கெயின்’ நாப். 60 டெசிபல் கூட்டினால் சிக்னலின் வோல்டேஜ் 1,000 மடங்காகும்.

பக்கத்திலேயே ‘48V’ என்று ஒரு பட்டன் இருக்கும். கண்டென்சர் வகை மைக்குகள் வேலை செய்ய மின்சாரம் வேண்டும். மைக் கேபிள் வழியாகவே அந்த 48 வோல்ட்டை அனுப்பும் பட்டன் இது.

இங்கேதான் விஷயமே இருக்கு. கெயினைக் குறைவாக வைத்துப் பதிவு செய்துவிட்டு, பிறகு சத்தத்தைக் கூட்டினால், குரலோடு சேர்ந்து ‘உஸ்’ என்ற இரைச்சலும் கூடும். அதிகமாக வைத்தால் ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டு, குரல் கரகரவென்று உடையும். இதற்குப் பெயர் ‘கிளிப்பிங்’. அப்புறம் சத்தத்தை எவ்வளவு குறைத்தாலும் கரகரப்பு போகாது. அடிப்பிடித்த சாம்பாரில் தண்ணீர் ஊற்றினால் தீய்ந்த வாடை போய்விடுமா? அதே மாதிரிதான்.

அதனால்தான் பதிவுக்கு முன்பே, ‘பாட்டுல சத்தமா வர்ற இடத்தை ஒரு தடவை பாடிடுங்க’ என்று இன்ஜினியர் கேட்பார். அந்த இடத்துக்கு ஏற்றபடி கெயினை வைத்துவிட்டால், மற்ற இடங்களில் பயமில்லை.

ஈக்யூ: யாருக்கு எந்த இடம்?

அடுத்து வருவது ‘ஈக்யூ’. பேஸ், நடு ஒலி, ட்ரெபிள் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். குரல் பதிவில் ஏசி உறுமல், காலடி அதிர்வு போன்றவை விழாமல் இருக்க, சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டிவிடுவது வழக்கம். வயலினும் குரலும் ஒரே இடத்தில் மோதினால், வயலினில் அந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் குறைப்பார்கள். குரல் தானாகத் தெளிவாகும்.

ஆக்ஸ்: பாடகர் காதுக்குத் தனிப் பாதை

பாடகருக்கு ஹெட்போனில் சுருதியும் தாளமும் நன்றாகக் கேட்க வேண்டும். இன்ஜினியருக்குக் குரல் துல்லியமாகக் கேட்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கும் வேறு வேறு கலவை எப்படிக் கொடுப்பது? அதற்குத்தான் ‘ஆக்ஸ்’. மெயின் பாதையில் இருந்து பிரியும் வாய்க்கால் மாதிரி இது சிக்னலைத் தனியாக எடுத்துப் போகும். ஃபேடருக்கு முன்பே பிரித்துவிட்டால், இன்ஜினியர் தன் பக்கம் ஃபேடரை எவ்வளவு கூட்டிக் குறைத்தாலும் பாடகர் காதில் எதுவும் மாறாது. சுருதியும் தாளமும் காதில் சரியாக விழாவிட்டால், நல்ல பாடகரும் தடுமாறுவார்.

ஃபேடரும் ‘பஸ்’ பயணமும்

வரிசையின் கீழே வருபவை ‘பேன்’ நாப்பும் ‘ஃபேடரும்’. ஒலி இடது ஸ்பீக்கரிலா, வலது ஸ்பீக்கரிலா என்பதைப் பேன் முடிவு செய்யும். மேலும் கீழும் நகர்த்தும் ஃபேடர், சத்தத்தின் அளவைத் தீர்மானிக்கும். இதில் ‘0’ என்ற குறி அடியில் இருக்காது, மேல் பகுதியில் இருக்கும். 0 என்றால் சத்தமே இல்லை என்று அர்த்தமில்லை. வந்த சிக்னலைக் கூட்டாமல், குறைக்காமல் அப்படியே அனுப்புகிறது என்று அர்த்தம்.

எல்லாச் சேனல்களும் கடைசியில் சேரும் பாதைக்கு ‘பஸ்’ என்று பெயர். நம்ம ஊர் பஸ்ஸுக்கும் இதற்கும் மூலம் ஒரே சொல்தான். ‘எல்லோருக்கும்’ என்று பொருள்படும் ‘ஆம்னிபஸ்’ என்ற லத்தீன் சொல் அது. வெவ்வேறு ஸ்டாப்பில் ஏறியவர்கள் ஒரே வண்டியில் போவது போல, 24 சேனல் ஒலிகளும் இடது, வலது என்று இரண்டாகச் சேர்ந்து வெளியே வரும்.

பேசுவதற்கு வைத்த மைக்... பிறந்தது புது டிரம்ஸ் ஒலி

கண்ணாடித் தடுப்பைத் தாண்டிச் சத்தம் வராது. எனவே இரு பக்கமும் பேசிக்கொள்ளவும் கன்சோலில் வசதி உண்டு. 1979-ல் லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில் பீட்டர் கேப்ரியலின் ஆல்பம் பதிவானது. அங்கிருந்த எஸ்எஸ்எல் 4000 கன்சோலில், கலைஞர்கள் பேசுவதைக் கேட்க ஒரு மைக் இணைக்கப்பட்டிருந்தது. தூரத்தில் பேசினாலும் கேட்க வேண்டும், பக்கத்தில் கத்தினாலும் காது வலிக்கக் கூடாது என்பதற்காக, அதில் ஒலியைப் பலமாக அழுத்தும் ‘கம்ப்ரெஸர்’ இருந்தது.

பில் காலின்ஸ் டிரம்ஸ் வாசித்தபோது அந்த மைக் ஆனில் இருந்தது. ஸ்பீக்கரில் கேட்ட பிரம்மாண்ட ஒலியைப் பார்த்து இன்ஜினியர் ஹியூ பட்ஜாம் அசந்துபோனார். பேச்சுக்கு மட்டும் என்று இருந்த அந்த லைனைப் பதிவு செய்ய வயரிங்கையே மாற்றினார்கள். காலின்ஸின் 1981 ஹிட் பாடலான ‘இன் தி ஏர் டுநைட்’ உட்பட, 80-களின் ஏராளமான பாடல்களில் அந்த பாணி டிரம்ஸைக் கேட்கலாம்.

கம்ப்யூட்டர் இருக்கும்போது கன்சோல் எதற்கு?

இன்று மிக்ஸிங் பெரும்பாலும் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. ஆனால், திரையில் தெரிவதும் இதே ஃபேடர், பேன், பஸ் அமைப்புதான். பழைய கன்சோல்களின் ஒலிக்கு மவுசும் குறையவில்லை. நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ ஆல்பம், அமெரிக்காவின் சவுண்ட் சிட்டி ஸ்டூடியோவில் நீவ் 8028 கன்சோலில் பதிவானது. 2011-ல் அந்த ஸ்டூடியோ மூடப்பட்டபோது, குழுவின் டிரம்மர் டேவ் க்ரோல் அந்தக் கன்சோலை வாங்கிக்கொண்டார். 2013-ல் அதைப் பற்றி ஆவணப்படமும் எடுத்தார்.

வீட்டிலேயே சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் வைத்துப் பாட்டோ பாட்காஸ்டோ பதிவு செய்கிறீர்களா? அதில் இருக்கும் கெயின் நாப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. உச்சமாகப் பாடும் இடத்தில் மீட்டர் மைனஸ் 10 டெசிபல் அருகில் நிற்கும்படி கெயினை வையுங்கள். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால், ‘எடிட்டிங்ல சரி பண்ணிக்கலாம்’ என்று விடாதீர்கள். கெயினைக் குறைத்துவிட்டு இன்னொரு டேக் எடுத்துவிடுங்கள்.