மெழுகுவத்தி ஏந்தும் கைகள்

தீபாவளி விளக்குகள் இறக்கப்பட்ட சில வாரங்களில் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் வேறு விளக்குகள் ஏறிவிடுகின்றன. கிறிஸ்தவர்கள் வாழும் வீடுகளின் முகப்பில் காகித விண்மீன்கள் தொங்குகின்றன. அவற்றின் உள்ளே சிறிய மின்விளக்கு எரிகிறது. செபமாலை அன்னை தேவாலயம், பாத்திமா அன்னை தேவாலயம், சயோன் லுத்தரன் தேவாலயம், தமிழ் மெதடிஸ்ட் தேவாலயம் எனப் பல சபைகளின் ஆலயங்கள் இந்தச் சிறிய வட்டாரத்தில் இருக்கின்றன. வழிபாட்டு முறைகளில் இவற்றுக்கிடையே வேறுபாடுகள் உண்டு. எனினும், கிறிஸ்துமஸ் பெருநாளில் விளக்கேற்றுவதில் எல்லாரும் ஒன்றுபடுகின்றனர்.

விண்மீனின் பொருள் எளியது. குழந்தை இயேசுவைத் தேடிவந்த கிழக்கு நாட்டு ஞானிகளுக்கு விண்மீன் ஒன்று வழிகாட்டியதாக விவிலியம் கூறுகிறது. மெழுகுவத்தியின் பொருளை விளக்குவதற்குத்தான் சற்று நேரம் வேண்டும்.

டிசம்பர் மாதத்தில் ஐரோப்பாவின் வடபகுதியில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். குளிரும் இருளும் சூழ்ந்த அந்த நாடுகளில், ஒளி வருகிறது என்ற செய்தி மக்களின் உடலுக்கே புரிந்திருக்கும். கோலாலம்பூரோ நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 3 பாகை வடக்கே இருக்கிறது. இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ மாலை 7 மணிக்கும் 7.30 மணிக்கும் இடையில்தான் மறைகிறது. நீண்ட பனிக்கால இரவைக் காட்டி இந்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் ஒளியை விளக்க முடியாது. இங்கு இருள் என்பதற்கு வேறு எடுத்துக்காட்டுகளைத் தேட வேண்டும். யாரும் வந்து பார்க்காத முதுமை, வேலை இழந்தவரின் வீடு, மருத்துவமனையில் நீளும் நாள்கள் ஆகியவற்றைக் காட்டலாம். அவற்றைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு வாரங்களைத் திருவருகைக் காலம் என்பர். அப்போது பல ஆலயங்களில் பசுந்தழை வளையம் ஒன்றில் நான்கு மெழுகுவத்திகளை வைத்து, ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றுவார்கள். இந்த வழக்கம் ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் தோன்றியது. யோகான் ஹின்ரிச் விக்கர்ன் என்ற இறையியலாளர், கவனிப்பாரற்ற ஏழைப் பிள்ளைகளுக்காக 1833ஆம் ஆண்டில் அந்நகரில் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். டிசம்பர் பிறந்ததும் அந்தப் பிள்ளைகள், பெருநாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். 1839ஆம் ஆண்டில் அவர் ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்து, வார நாள்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவத்திகளையும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவத்திகளையும் அதில் பொருத்தினார். பிள்ளைகள் எரியும் சுடர்களை எண்ணிக் கணக்கும் கற்றனர். இன்று பூக்கடை அலங்காரம்போல் தோன்றும் இந்த வளையம், வீடில்லாத பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்ட நாள்காட்டி என்பது பலருக்குத் தெரியாது.

டிசம்பர் 24ஆம் நாள் இரவு வழிபாட்டில் இன்னொரு வழக்கத்தைக் காணலாம். பல ஆலயங்களில் மின்விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு மெழுகுவத்தியை ஏற்றுவார்கள். அந்தச் சுடரிலிருந்து முன்வரிசையில் இருப்பவர் தம் மெழுகுவத்தியைக் கொளுத்தி, அடுத்தவரிடம் நெருப்பைக் கொடுப்பார். கடைசி வரிசைவரை ஒளி இப்படியே கைமாறிச் செல்லும். பெறுபவர் தம் மெழுகுவத்தியைச் சாய்ப்பார். கொடுப்பவர் நேராகப் பிடித்திருப்பார். இல்லாவிட்டால் உருகிய மெழுகு பக்கத்தில் உள்ளவரின் கையில் சொட்டும். சிறு பிள்ளைகளுக்கு முதலில் கற்றுக்கொடுப்பது இதைத்தான்.

இயேசு தம்மை உலகின் ஒளி என்று கூறியதாக விவிலியத்தில் காண்கிறோம். அவர் தம் சீடர்களையும் அவ்வாறே அழைத்தார். விளக்கை ஏற்றி யாரும் மரக்காலால் மூடுவதில்லை என்றும், பிறர் காண வேண்டிய வெளிச்சம் நற்செயல்களே என்றும் அவர் விளக்கினார். எனவே ஒளி என்பது கிறிஸ்தவர்களுக்குப் பார்த்து மகிழும் அழகு மட்டுமன்று. செய்ய வேண்டிய வேலையும் ஆகும்.

பிரிக்பீல்ட்ஸில் இந்தக் கருத்து ஒரு கேள்வியைச் சந்திக்கிறது. 1951ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்குதான் இயங்குகிறது. வெள்ளைக்கோலுடன் நடந்து செல்வோரையும், பார்வையற்றோர் பணிபுரியும் உடம்புப்பிடி நிலையங்களையும் இவ்வட்டாரத்தில் எளிதாகக் காணலாம். விண்மீன் விளக்கைக் காண இயலாத ஒருவருக்கு ஒளியின் பெருநாள் எதைத் தரும்? பார்வையின்மையை அறியாமைக்கும் பாவத்திற்கும் உவமையாகப் பேசும் பழக்கம் எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு. கேட்பவர்களில் பார்வையற்ற ஒருவர் இருந்தால் அந்த உவமை அவரைச் சுடும். விவிலியத்திலேயே இதற்கு மறுப்பு இருக்கிறது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், அது அவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று கேட்டனர். இரண்டும் இல்லை என்றார் இயேசு. தாம் உலகின் ஒளி என்று அவர் சொன்னதும் அந்த உரையாடலில்தான்.

நடைபாதையில் பதித்துள்ள மஞ்சள் நிற வழிகாட்டி ஓடுகளை எண்ணிப் பார்க்கலாம். காலாலும் கோலாலும் தடவி உணர்வதற்காக அவற்றில் மேடுகள் அமைத்திருக்கிறார்கள். பெருநாள் நெரிசலில் ஒருவர் அவற்றின்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டால், தெரு முழுவதும் எரியும் அலங்கார விளக்குகளால் அவ்வழியே வருபவருக்கு ஒரு பயனும் இல்லை. வண்டியை நகர்த்துவதே அவருக்குக் கிடைக்கும் வெளிச்சம்.

விக்கர்ன் சக்கரத்தில் மெழுகுவத்தி ஏற்றிய அதே 1839ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், பிரான்ஸ் நாட்டின் சான் செர்வான் என்ற ஊரில் வேறொன்று நடந்தது. பார்வை இழந்து, கைகால் செயலும் குன்றித் தனித்திருந்த ஒரு மூதாட்டியை ஜான் ஜுகான் என்ற பெண்மணி தம் வீட்டுக்கு அழைத்துவந்தார். அந்தப் பெண்மணிக்கு அப்போது வயது 47. செல்வம் எதுவும் கிடையாது. இருந்த கட்டிலை மூதாட்டிக்குக் கொடுத்துவிட்டுத் தாம் பரணில் படுத்துக்கொண்டார். பிறகு இன்னும் சில முதியவர்கள் வந்தார்கள். அவர்களுக்கு உணவளிக்கக் கூடையுடன் வீடு வீடாகச் சென்று உதவி கேட்டார். இவ்வாறு தோன்றியதே 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' என்ற துறவற சபை. 2009ஆம் ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. இச்சபையின் சகோதரிகள் கோலாலம்பூரில் செராஸ் வட்டாரத்திலும் முதியோர் இல்லம் ஒன்றை நடத்துகின்றனர். கிறிஸ்துமஸ் வாரத்தில் முதியோர் இல்லங்களுக்கு விருந்தினர் வருகை கூடுவது இயல்பு. பாடலும் பரிசுகளும் வரும். மார்ச்சு மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றிலும் அங்குள்ள முதியவரைக் குளிப்பாட்ட வேண்டும், சோறூட்ட வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும்.

திருச்சபையின் நாள்காட்டியும் டிசம்பருடன் விளக்கை அணைத்துவிடுவதில்லை. கிறிஸ்துமஸிலிருந்து நாற்பதாம் நாளான பிப்ரவரி 2ஆம் நாளில், கத்தோலிக்கர்கள் மெழுகுவத்திகளை மந்திரித்து வீட்டுக்கு எடுத்துச் செல்வர். குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய முதியவர் சிமியோன், ஒளியைக் கண்டதாக மகிழ்ந்த நாள் அது. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய இரவில் ஆலயத்துக்கு வெளியே புது நெருப்பு மூட்டி, பாஸ்கா மெழுகுவத்தியை ஏற்றி உள்ளே கொண்டுவருவர். குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கும்போது அதன் பெற்றோரிடம் தரும் சுடரும் அதிலிருந்து எடுத்ததே. அடக்கத் திருப்பலியில் சவப்பெட்டியின் அருகில் எரிவதும் பாஸ்கா மெழுகுவத்திதான்.

கிள்ளானில் 1928ஆம் ஆண்டில் கட்டப்பட்ட லூர்து அன்னை தேவாலயம், பிரான்ஸ் நாட்டு லூர்து திருத்தலத்தை நினைவூட்டும் பெயரையும் அமைப்பையும் கொண்டது. அந்தத் திருத்தலத்தில் இரவு நேரத்தில் மெழுகுவத்திப் பவனி நடைபெறும். ஆயிரக்கணக்கானோர் சுடர் ஏந்தி நடக்க, சக்கர நாற்காலிகளில் நோயாளிகள் முன்வரிசையில் செல்வார்கள். லூர்து அன்னையின் திருநாளான பிப்ரவரி 11ஆம் நாளே, 1993ஆம் ஆண்டு முதல் கத்தோலிக்கர்களின் உலக நோயாளர் நாளாகவும் இருந்துவருகிறது. ஆலயத்துக்கு வர இயலாதவர்களை வீட்டிலும் மருத்துவமனையிலும் சென்று காண்பது அந்த நாளுக்குரிய வழக்கம்.