உங்களுக்குத் தெரியுமா? ஒரே அணுக்கள், இரண்டு அமிலங்கள்

கோலசிலாங்கூர்த் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களுக்கு, தட்டில் பாலை உறையவைத்த ஃபார்மிக் அமிலத்தின் நெடி மறக்காது. அதற்குத் தூரத்து உறவு மலேயிக் அமிலம், வெள்ளைப் படிகம். 4 கார்பன், 4 ஹைட்ரஜன், 4 ஆக்சிஜன். ஃபுமாரிக் அமிலத்திலும் இதே கணக்குதான்! மலேயிக்கில் இரு அமிலக் கைகளும் இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கம். ஃபுமாரிக்கில் எதிரெதிர்ப் பக்கம். அவ்வளவுதான் வேற்றுமை. ஆனால் மலேயிக் சுமார் 135 டிகிரி செல்சியஸில் உருகும், தண்ணீரில் சட்டெனக் கரையும். ஃபுமாரிக் உருக 287 டிகிரி வேண்டும், தண்ணீரில் லேசில் கரையாது.

ஃபுமாரிக் உணவுக்குப் புளிப்பூட்டும். மலேயிக்கை உணவில் சேர்க்கக் கூடாது. 2013இல் தைவானில் மாவுக் கலப்படமாகப் பிடிபட்டது மலேயிக்தான். மலேயிக்கின் நீர் நீக்கிய வடிவம், ஃபைபர் படகுக்கான பிசினுக்கு மூலப்பொருள்.

மாணவர்களே, மலேயிக் கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.