சுவருக்குள் ஒளிந்திருந்த ஆபத்து

வீட்டுக்குள் பாம்பொன்று புகுந்துவிட்டதென்றால் அன்றிரவு நாம் யாரும் கண்ணயர்வதில்லை. அலுமாரியை இழுத்து, பெட்டிகளைப் புரட்டி, அதைக் கண்டுபிடித்த பிறகுதான் மூச்சு வரும். ஆனால் அதைவிடக் கொடிய ஒன்று சுவருக்குள்ளும் சீலிங்குக்கு மேலும் வருடக்கணக்காகப் படுத்துக் கிடக்க, அதன் கீழே பாய் விரித்துப் பிள்ளைகளைத் தூங்க வைக்கிறோம். தொழில் தெரியாத ஒருவர் செய்துவிட்டுப் போன வயரிங்கைத்தான் சொல்கிறேன்.

இது எங்கள் வீட்டில் நடந்த கதை. சகோதரிகள் பலரின் வீட்டிலும் இதே கதை வேறு உருவத்தில் நடந்துகொண்டிருக்கலாம் என்பதனால் எழுதுகிறேன்.

கிழக்கில் மகளுக்குக் கலியாணம் பேசினால் கூடவே வீட்டுப் பேச்சும் வந்துவிடும். எங்களுக்கு வேறு வளவு இல்லை. இருந்த வீட்டுக்கு மேலே இரண்டு அறையும் ஒரு குசினியும் கட்டி மகளுக்குக் கொடுப்பதென்று முடிவாயிற்று. மேசன் வேலை முடியும்போதே கையிலிருந்த காசும் முடிந்துவிட்டது. கலியாணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

"வயரிங்குக்கு வெளியாள் எதுக்கு? நம்மட ராத்தாட மகன் இரிக்கான்தானே" என்றார் என் கணவர்.

ஒரு வயரிங் பாஸுக்குப் பின்னால் இரண்டு வருடம் சுற்றித் திரிந்தவர் அந்த மருமகன். நல்ல பிள்ளை. கூலியும் அதிகம் கேட்கவில்லை. நான்கு நாளில் வேலையை முடித்துவிட்டார். லைட் எரிந்தது, மின்விசிறி சுற்றியது. வேறென்ன வேண்டுமென்று நாங்களும் இருந்துவிட்டோம்.

விழுந்த சுவிட்சும் விழாத சுவிட்சும்

மாரி மழை தொடங்கியதும் முதல் அறிகுறி தெரிந்தது. மழை பெய்யும் போதெல்லாம் கீழே பெட்டியிலிருந்த ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. தூக்கி விட்டால் மறுபடியும் விழும். மருமகன் வந்து பார்த்தார். பெட்டியைத் திறந்து அரை மணித்தியாலம் ஏதோ செய்தார்.

"இனி விழாது மாமி. மேல் வீட்டு லைனை ட்ரிப்பில இருந்து கழட்டி நேரா போட்டிரிக்கன்."

உண்மைதான், அதன் பிறகு விழவில்லை. நாங்களும் சந்தோஷப்பட்டோம். கள்ளனைக் கண்டு குரைத்த நாயின் வாயைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம் என்பது அப்போது விளங்கவில்லை.

இரண்டாவது அறிகுறி, மகளின் உடுப்புக் கழுவும் மெஷின். ஈரக் கையால் தொட்டால் கூசியது. "எர்த் கொஞ்சம் குறைவு மாமி, செருப்புப் போட்டுக்கொண்டு தொடச் சொல்லுங்க" என்றார் முதலில். மகள் விடாமல் சொல்லவே, வந்து பிளக் பேஸைக் கழற்றி உள்ளே ஒரு துண்டு வயரைப் பூட்டினார். கூசுவது நின்றுவிட்டது.

ஒன்றரை வருடம் போயிற்று. பேரப்பிள்ளை தவழத் தொடங்கியது. ஒருநாள் காலை மெஷின் ஓடும்போது மேல் வீட்டு லைட் மங்கி மங்கி எரிந்தது. சீலிங் பக்கமிருந்து பிளாஸ்டிக் கருகும் வாசம். நான் மேலே ஏறிப் போனபோது, ஈரத் தரையில் பிள்ளை அந்த மெஷினை நோக்கித்தான் தவழ்ந்துகொண்டிருந்தது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே ஓடி மெயின் சுவிட்சை நிறுத்தினேன்.

"மருமகனுக்கு ஒரு கோல் எடுப்பம்" என்றார் கணவர்.

"இல்ல. இந்த முறை வேற ஆள்" என்றேன். "ராத்தா கோவிப்பாவே" என்றார். "ராத்தா கோவிச்சா பேசிச் சமாதானப்படுத்தலாம்" என்றேன். அவர் பிள்ளையைப் பார்த்தார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

பரிசோதித்தவர் கண்டவை

தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஒரு சேர் எங்கள் பகுதியில் இருக்கிறார். அவர் மீட்டர்களோடு வந்து ஒரு பகல் முழுவதும் பார்த்தார். ஒவ்வொன்றையும் எங்களுக்குக் காட்டி விளக்கினார்.

முதலாவது, வயரின் தடிப்பு. லைட்டுக்குப் போடும் 1/1.13 வயரையே பிளக் பேஸ்களுக்கும் இழுத்திருந்தார். இது ஒரு சதுர மில்லிமீற்றர் அளவுள்ள மெல்லிய வயர். சுமார் 10 அம்பியருக்கு மேல் அதில் பாய விடுவது நல்லதல்ல. நமது மின்சாரம் 230 வோல்ட். 2200 வொட் கேத்தல் ஒன்றே 9 அம்பியருக்கு மேல் இழுக்கும். 1000 வொட் அயனும் சேர்ந்தால் 14 அம்பியரை நெருங்கும். பிளக் பேஸ்களுக்கு 7/0.67 வயராவது, அதாவது 2.5 சதுர மில்லிமீற்றர் வயராவது போட்டிருக்க வேண்டும்.

"அதிகமாக இழுத்தால் பிரேக்கர் விழாதா சேர்?" என்று கேட்டேன். "அந்த மெல்லிய வயருக்கு 32 அம்பியர் பிரேக்கர் போட்டிருக்கிறார் தங்கச்சி. வயர் உருகின பிறகும் பிரேக்கர் விழாது" என்றார்.

இரண்டாவது, மூட்டுகள். சீலிங்குக்கு மேல் வயர்களை வெறுமனே முறுக்கி டேப் சுற்றி விட்டிருந்தார். பெட்டியும் இல்லை, கனெக்டரும் இல்லை. மாடிப்படிச் சுவரில் பைப் போடாமல் பூச்சுக்குள்ளேயே ஒரு மூட்டைப் புதைத்திருந்தார். மழைக்குச் சுவர் ஊறும்போது மின்சாரம் அங்கே கசிந்தது. ட்ரிப் சுவிட்ச் விழுந்தது அதனால்தான்.

மூன்றாவது, லைட் சுவிட்சுகள். இரண்டு அறைகளில் லைவ் கம்பிக்குப் பதிலாக நியூட்ரல் கம்பியைச் சுவிட்சுக்குக் கொடுத்திருந்தார். லைட் அணையும், ஆனால் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். சுவிட்சை நிறுத்திவிட்டோமென்று நம்பி பல்ப் மாற்றப் போகிறவரின் கதி என்ன?

நான்காவதுதான் எல்லாவற்றிலும் பயங்கரமானது. மேல் வீட்டுக்கு எர்த் கம்பியே இழுக்கப்படவில்லை. கூசுவதை நிறுத்துவதற்கு அவர் பூட்டிய துண்டு வயர், எர்த் முனையை நியூட்ரல் முனையோடு இணைத்திருந்தது. வெளிப்பார்வைக்குக் குணமாகிவிட்டது போல் இருக்கும். ஆனால் நியூட்ரல் கம்பி எங்கேயாவது கழன்றுவிட்டால், மெஷினின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும். அந்த நியூட்ரல் கம்பியின் மூட்டு சீலிங்குக்கு மேல் ஏற்கெனவே கருகிக் கழலும் நிலையில் இருந்தது. லைட் மங்கி எரிந்ததும் கருகல் வாசம் வந்ததும் அங்கிருந்துதான்.

"ட்ரிப் சுவிட்சும் இல்லை, எர்த்தும் இல்லை. இன்னும் ஒரு நாளோ ஒரு மாதமோ..." என்று சொல்லிவிட்டுச் சேர் பிள்ளையைப் பார்த்தார். மகள் அழுதுவிட்டாள்.

ட்ரிப் சுவிட்சின் வேலை என்ன?

பிரேக்கருக்கும் ட்ரிப் சுவிட்சுக்கும் உள்ள வித்தியாசம் நம்மில் பலருக்குத் தெரியாது. பிரேக்கர் வயரைக் காப்பாற்றுவது. ட்ரிப் சுவிட்ச் மனிதரைக் காப்பாற்றுவது. போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வீடுகளில் போடுவது 30 மில்லிஅம்பியர் அளவுடையது. அவ்வளவு வித்தியாசம் வந்தால், ஒரு செக்கனில் மூன்றிலொரு பங்கு நேரத்துக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். 10, 15 மில்லிஅம்பியர் உடம்பில் பாய்ந்தாலே பிடித்த கையை விட முடியாமற் போகலாம். 50 மில்லிஅம்பியருக்கு மேல் பாய்ந்தால் இதயத்தின் துடிப்பே குழம்பிவிடலாம்.

ஆகவே ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்தால் அதன்மேல் கோபப்படாதீர்கள். எங்கே கசிவு என்று தேடுங்கள். அதைக் கழற்றிவிடுகிறேன் என்று சொல்பவரைப் பெட்டியைத் தொட விடாதீர்கள்.

உங்கள் வீட்டிலும் பாருங்கள்

சுவிட்ச் அல்லது பிளக் பேஸ் சூடாகிறதா, மஞ்சளாகவோ கறுப்பாகவோ நிறம் மாறியிருக்கிறதா? பிரிஜையோ தண்ணீர்க் குழாயையோ தொட்டால் கூசுகிறதா? அயன் போட்டதும் லைட் மங்குகிறதா? கருகல் வாசம் வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த லைனை நிறுத்திவிட்டு, தெரிந்தவரை அழையுங்கள். பெட்டியை நீங்களே திறக்க வேண்டாம்.

நம்மிடமுள்ள கெட்ட பழக்கம் ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். சதுரக்கால் பிளக் பேஸின் மேல் துவாரத்தில் பேனாவையோ ஈர்க்கையோ குத்தி, இரண்டு கால் பிளக்கைச் செருகுகிறோம். அந்தத் துவாரம் எர்த்துக்குரியது. உள்ளே இருக்கும் மூடி, பிள்ளைகள் விரலோ கம்பியோ விடாமல் காப்பதற்கு. நாம் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை நாளை ஆணியோடு வரும்.

வேலைக்கு ஆள் பிடிக்கும்போது, தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பது அவமரியாதையல்ல. வேலை முடிந்ததும் மீட்டர் வைத்துப் பரிசோதித்துக் காட்டச் சொல்லுங்கள். எர்த் கம்பி ஒவ்வொரு பேஸுக்கும் வந்திருக்கிறதா என்றும், கசிவு இருக்கிறதா என்றும் மெகர் முதலிய கருவிகள் சொல்லிவிடும். லைட் எரிவது மட்டும் சாட்சியல்ல. மின்சார இணைப்பு எடுக்கும்போது கீழ் வீடு பரிசோதிக்கப்பட்டிருக்கும். பிறகு கட்டிய மேல் வீட்டை யாரும் வந்து பார்ப்பதில்லை. நாம்தான் பார்க்க வேண்டும். கடற்கரை ஊர்களில் மணல் காய்ந்துவிட்டால் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. எர்த் கம்பி ஈரமுள்ள ஆழம் வரை இறங்க வேண்டும்.

யாருக்காவது மின்சாரம் தாக்கினால் ஓடிப்போய்க் கையைப் பிடிக்காதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். முடியாவிட்டால் காய்ந்த பலகையாலோ பிளாஸ்டிக் கதிரையாலோ தள்ளி விடுங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்பியூலன்ஸை வரவழையுங்கள். எழுந்து நடந்தாலும் டொக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

மருமகன் சொன்னது

மேல் வீட்டு வயரிங் முழுவதையும் கழற்றிப் புதிதாகப் போட்டோம். நான் கட்டி வந்த சீட்டுக் காசு அதற்கே போயிற்று. மைனி இரண்டு மாதம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. ஆனால் மருமகன் வந்தார். கருகிய மூட்டைச் சேர் அவர் கையில் கொடுத்தார். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீட்டர் வெச்சுப் பாக்கணுமெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரல்ல மாமி. பாஸ் செஞ்சத நானும் செஞ்சன்."

"இன்னும் எத்தின வீட்டில இப்படிச் செஞ்சிரிக்கிறாய் மகன்?" என்று கேட்டேன்.

கொஞ்சம் பொறுத்து, "ஆறு வீடு" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் சேரும் அவரும் அந்த ஆறு வீட்டுக்கும் போகத் தொடங்கினார்கள். நான்கு வீடுகளில் திருத்தியாயிற்று. ஒரு வீட்டுக்காரர் ஏசி அனுப்பிவிட்டார், ஆனாலும் பிறகு வேறொருவரைப் பிடித்துச் செய்வித்தார். இன்னொரு வீட்டார், "லைட் எரியுதுதானே" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்த வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மருமகன் இன்னும் அங்கே போய்க் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். தொழிற் தகைமை வகுப்புக்கும் பெயர் கொடுத்திருக்கிறார்.

இதைப் படித்து முடித்ததும், சகோதரிகளே, எழுந்து போய் உங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்சிலுள்ள "டெஸ்ட்" பொத்தானை ஒரு தரம் அழுத்திப் பாருங்கள். உடனே விழுந்தால் சுவிட்ச் வேலை செய்கிறது, ஆனால் வீடு முழுவதும் அதனூடாகத்தான் போகிறதா என்பதையும் கேட்டறியுங்கள். விழாவிட்டால் நாளைவரை பொறுக்க வேண்டாம்.