பரிசுப் பெட்டியில் இட்ட துண்டு

பண்டிகைக் காலமொன்றில் சுப்பர் மார்க்கற்றில் சாமான் வாங்கிக்கொண்டு காசாளர் முன் நிற்கிறீர்கள். பணத்தைச் செலுத்தியதும் மிகுதிச் சில்லறையோடு மூன்று வண்ணத் துண்டுகளையும் அப்பெண் நீட்டுகிறாள். “பேர், விலாசம், ரெலிபோன் நம்பர் எழுதிப் பெட்டியில போட்டுவிட்டுப் போங்கோ” என்கிறாள். வாயிலருகே கண்ணாடிப் பெட்டி. அதன் மேலே மோட்டார் சைக்கிளொன்றின் படம். பேனையோ ஒன்றுதான், அதுவும் நூலிற் கட்டப்பட்டிருக்கிறது. பின்னால் நிற்பவர் அவசரப்படுகிறார். நீங்கள் ஏதோ கிறுக்கிப் பெட்டியில் இட்டுவிட்டு, வீடு போய்ச் சேருமுன் அதனை மறந்தும் விடுகிறீர்கள். நம்மிற் பெரும்பாலோர் பரிசை இழப்பது இந்த ஒரு நிமிடத்தில்தான் என்பது நம் எண்ணம்.

துண்டெழுதிக் குலுக்கி எடுக்கும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி. பி. 919, 921) ஊர்ச்சபைக்கு ஆள் தெரிந்த குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். ஓலையைப் பெறுபவன் ஐந்து விரலும் விரியத் திறந்த உள்ளங்கையில் அதனை ஏற்க வேண்டுமாம். கைக்குள் வேறோர் ஓலையை ஒளித்து வைத்திருப்பானோ என்னும் ஐயம் அன்றும் இருந்திருக்கிறது பாருங்கள்!

நம் நாட்டில் 1955 ஆம் ஆண்டில் ஆஸ்பத்திரி லொத்தர் தொடங்கியது. 1963 இல் தேசிய லொத்தர் சபையும், 1983 இல் அபிவிருத்தி லொத்தர் சபையும் வந்தன. யாழ்ப்பாணத்தார் இவையனைத்தையும் ‘சுவீப் ரிக்கற்’ என்ற ஒரே பெயராலேயே அழைத்துப் பழகினர். கடைப் பரிசையும் சுவீப் ரிக்கற்றையும் ஒன்றாக எண்ணுவோர் பலர். அஃது பெருந்தவறு. ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கங்களும் பொருந்தினாலன்றி முதற்பரிசு இல்லை என்னும் லொத்தரை எடுத்துக்கொள்வோம். 26 எழுத்துகளும் பத்து இலட்சம் எண்களும் சேர்ந்து 2 கோடி 60 இலட்சம் சேர்க்கைகள் ஆகின்றன. 2024 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையின் சனத்தொகையோ சுமார் 2 கோடி 17 இலட்சந்தான். தொட்டிற் குழந்தை உட்பட ஆளுக்கொரு சீட்டு வெவ்வேறு எண்ணில் வாங்கினாலும், வெற்றி எண் ஒருவர் கையிலும் இல்லாமற் போகலாம். அங்கே சாமர்த்தியத்துக்கு இடமில்லை. சாத்திரியாரிடம் எண் கேட்பவரும், கனவில் கண்ட எண்ணைத் தேடித் திரிபவரும் அதே 2 கோடி 60 இலட்சத்தில் ஒருவரே.

கடைக் குலுக்கலில் நிலை வேறு. பெட்டிக்குள் எத்தனை துண்டுகள் கிடக்கின்றனவோ, அவற்றுள் ஒன்று வந்தே தீரும். ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, ‘பரிசு எவ்வளவு பெரிது?’ என்பதன்று, ‘எத்தனை பேர் போட்டி?’ என்பதே. உதாரணமாக, நாடு முழுவதற்குமாக ஒரு மோட்டார் சைக்கிள். வந்து சேரும் துண்டுகள் ஐந்து இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பத்துத் துண்டு போட்டாலும் உங்கள் வாய்ப்பு 50,000 இல் ஒன்று. அதே வாரத்தில் உங்கள் ஊர்க் கடையொன்று பத்துச் சாமான் கூடைகளைப் பரிசாக வைக்கிறது. நானூறு பேர் துண்டு போடுகின்றனர். அங்கே ஒரே துண்டுடன் உங்கள் வாய்ப்பு 40 இல் ஒன்று. மோட்டார் சைக்கிளின் படத்தைப் பார்த்துக் கூடையை விட்டு வருபவரே அதிகம்.

இதனால் பெறப்படுவது யாது? கொழும்பிற் குலுக்கும் பரிசைவிடக் கிளைக்குக் கிளை குலுக்கும் பரிசு நன்று. கிளைதோறும் ஒரே பரிசு எனின், சனம் நெரியும் பட்டினக் கிளையைவிட ஊர்ப்புறக் கிளை நன்று. மூன்று மாதம் நீளும் போட்டியைவிட ஒரு வார இறுதியில் முடிந்துபோவது நன்று. சற்றுச் சிரமம் தருகின்ற போட்டி எல்லாவற்றிலும் நன்று. ‘இத்தேயிலையை நான் விரும்புவது ஏனெனில்...’ என்று ஒரு வாக்கியத்தை நிரப்பச் சொன்னால், துண்டைப் பெற்றவரிற் பாதிப்பேர் அதைக் கசக்கி எறிந்துவிடுவர். யாழ்ப்பாணத்துப் பெண்மணிகளுக்கு வாக்கியத்துக்கா பஞ்சம்? 2010 இல் இங்கு ஆரம்பமான சர்வதேச வர்த்தகக் கண்காட்சி போன்ற இடங்களிலே சில காட்சிக்கூடங்கள் அன்றன்றே குலுக்கும் துண்டுகளை வைத்திருக்கும். ஐஸ்கிறீம் வரிசையில் நிற்கும் கூட்டம் அங்கு எட்டியும் பாராது.

இனி, துண்டை எப்போது இடுவது என்பது பற்றி ஒரு வார்த்தை. 1969 டிசெம்பர் 1 ஆந் தேதி, வியட்நாம் யுத்தத்துக்கு ஆட்சேர்ப்பதற்காக அமெரிக்க அரசாங்கம் பிறந்த நாட்களைக் குலுக்கி எடுத்தது. 366 நாட்களும் 366 சிறு குழாய்களுள் அடைக்கப்பட்டு, மாத வரிசைப்படி பெட்டியிற் சேர்க்கப்பட்டன. கலக்கியது போதவில்லை. இறுதியாக வந்த டிசெம்பர் மாதத்து 31 நாட்களுள் 26 நாட்கள் முற்பாதியிலேயே வெளிவந்துவிட்டன. அம்மாதத்திற் பிறந்த இளைஞர் பலர் அதற்கு விலை கொடுத்தனர். ஓர் அரசாங்கமே தொலைக்காட்சி பார்த்திருக்கக் குலுக்கியதன் இலட்சணம் இதுவெனில், கடை வாயிற் பெட்டியைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? ஆதலால் பல துண்டுகள் கிடைத்தால் அனைத்தையும் ஒரே நாளில் திணிக்காமல், தொடக்கத்திற் சில, நடுவிற் சில, கடைசியிற் சிலவாக இடுவது புத்தி. பெட்டி நன்கு கலக்கப்பட்டால் நட்டமில்லை. கலக்கப்படாவிட்டால் எந்தப் படையிலும் நம் துண்டொன்று கிடக்கும்.

ஒரு விலக்கு உண்டு. வாராவாரம் சிறு பரிசும் முடிவிற் பெரும் பரிசும் என்னும் போட்டிகளில், விழாத துண்டுகள் அடுத்த வாரத்துக்கும் தொடருமா என்பதை விதிகளிற் பாருங்கள். தொடருமாயின் எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே இட்டுவிட வேண்டும். ஒரு துண்டு ஐந்து முறை குலுக்கப்படும். துண்டை விசிறிபோல் மடித்தால் கைக்குத் தட்டுப்படும் என்று சொல்வாரும் உளர். பல குலுக்கல்களைக் கணினியே செய்துவிடும் இக்காலத்தில், கணினிக்கு விசிறி ஏது?

துண்டு நிரப்புவது ஒரு கலை என்றே சொல்வோம். நம் பெயர்களின் தொல்லை உலகறிந்தது. தகப்பன் பெயரின் முதலெழுத்து, கணவன் பெயர், வீட்டுப் பெயர், ஆங்கிலத்தில் மூன்று விதமான எழுத்துக்கூட்டல்! பரிசு கொடுக்கும் நிறுவனமோ அடையாள அட்டையைத்தான் கேட்கும். ஆகவே அட்டையிற் காணப்படுகிறபடியே எழுதுக. 2016 முதல் வழங்கப்படும் அட்டைகளில் 12 இலக்கங்கள். பழையவற்றில் ஒன்பதும் ஓர் எழுத்தும். ஓர் இலக்கம் பிசகினால் வேறொருவராகி விடுவீர்கள். தொலைபேசி இலக்கத்தை 1 எது, 7 எது என்று பிறர் அறிய எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாகப் பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

இப்புத்திமதியை நாம் சும்மா கூறவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம் துண்டுக்கும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி விழுந்தது. மூலப் பில்லைக் கொண்டு வரும்படி சொன்னார்கள். வீட்டை மூன்று நாள் தலைகீழாகப் புரட்டினோம். அந்தப் பில்லின் பின்புறத்தில் நாமே சவர்க்காரக் கணக்கெழுதி, அடுப்பு மூட்டவும் கொடுத்திருந்தது பிறகுதான் நினைவுக்கு வந்தது. பெட்டி மாற்றுப் பட்டியலில் இருந்தவருக்குப் போயிற்று. பிழை முழுவதும் நம்முடையதே. எனினும் அவ்வீட்டைக் கடந்து போகும்போது இன்றும் சத்தம் கேட்கிறது.

ஒரு கணக்கையும் போட்டுப் பார்த்தல் வேண்டும். ஐந்து இலட்சம் ரூபா பெறுமதியான பரிசுக்கு ஓர் இலட்சம் துண்டுகள் எனின், ஒரு துண்டின் பெறுமதி ஐந்து ரூபா. இரண்டாயிரம் ரூபாவுக்குச் சாமான் வாங்கினால் ஒரு துண்டு என்றால், உங்களுக்குக் கிடைத்தது கால் வீதக் கழிவு. ஒரு மாதத்துக்குப் போதுமான பால்மா வீட்டில் இருக்க, துண்டுக்காக இன்னொரு பெட்டி வாங்குவது ஐந்து ரூபாவுக்காக ஆயிரக்கணக்கைச் செலவிடுவதாகும். குறுஞ்செய்தி அனுப்பும் போட்டிகளில் ஒவ்வொரு செய்திக்கும் கட்டணம் அறவிடப்படுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாடுகளில் இவ்விளையாட்டு பல அடிகள் பட்டுத் திருந்தியது. அமெரிக்காவில் பலசரக்குக் கடைகளும் பெற்றோல் நிலையங்களும் நடத்திய பரிசு விளையாட்டுகள் பற்றி எழுந்த முறைப்பாடுகளை விசாரித்த கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு, பரிசுகள் எத்தனை, வெல்லும் வாய்ப்பு எவ்வளவு என்பவற்றை விளம்பரத்திலேயே கூற வேண்டுமென்று 1969 இல் விதி செய்தது. 1992 இல் பிலிப்பைன்ஸில் பெப்சி நிறுவனத்தின் போத்தல் மூடிப் போட்டியில் 349 என்னும் எண் தவறுதலாகப் பரிசு எண்ணாக அறிவிக்கப்பட்டது. அவ்வெண் பொறித்த மூடிகளோ சுமார் எட்டு இலட்சம்! மூடியில் இருந்த இரகசியக் குறியீடு பொருந்தவில்லை என்று சொல்லி நிறுவனம் பெரும் பரிசை மறுக்க, ஊரெங்கும் கலவரமூண்டது.

நிற்க. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது மோட்டார் சைக்கிளுமன்று, தொலைக்காட்சிப் பெட்டியுமன்று. நம் அயல் வீட்டு அம்மையார் ஒருவர், வயது எழுபதுக்கு மேல், மகன் வெளிநாட்டில். சென்ற ஆண்டொரு நாள் மாலை படலையைத் திறந்துகொண்டு வந்தவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “தம்பி, அஞ்சு இலட்சம் விழுந்திருக்கெண்டு போன் வந்தது. பதிவுக் காசு கட்டச் சொன்னாங்கள், கட்டினன். இப்ப அந்த நம்பர் வேலை செய்யேல்லை” என்றார். காப்பை அடைவு வைத்து, கைத்தொலைபேசி வழியாகப் பணம் அனுப்பும் கடையொன்றிற் செலுத்தியிருக்கிறார். இரண்டு தடவை. படித்த மனுசி, எப்படி நம்பினீர்கள் என்று கேட்க வாயெடுத்தோம். அதற்குள் அவரே சொன்னார்: “நான் உண்மையா அந்தப் பெட்டியில துண்டு போட்டனான் தம்பி. போடாமல் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டன்.”

அந்த வார்த்தை நம்மைச் சுட்டது. மெய்யான துண்டுதான் பொய்யான அழைப்புக்கு வாசல் திறந்துவிடுகிறது. எங்கோ ஒருநாள் எதையோ எழுதிப் பெட்டியில் இட்டோம் என்ற மங்கலான நினைவு போதும். மிகுதியை எதிர்க்குரல் நிரப்பிவிடும். மத்திய வங்கியும் பொலிசாரும் பலமுறை எச்சரித்தும் இம்மோசடி நிற்கவில்லை. மெய்யான பரிசுக்குப் பதிவுக் கட்டணமோ, கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கமோ தொலைபேசியிற் கேட்கப்படுவதில்லை. கேட்டால் வைத்துவிட்டு, பில்லில் அச்சிட்ட இலக்கத்துக்கு நீங்களே அழைத்து விசாரியுங்கள். அல்லது நேரே கடைக்குப் போங்கள். ஏமாந்தவர் வெட்கத்தால் மூடி மறைப்பதே மோசக்காரருக்குப் பலம். அம்மையாரை நாமே பொலிஸ் நிலையத்துக்கு அழைத்துச் சென்று முறைப்பாடு எழுதுவித்தோம். பணம் மீளவில்லை. காப்பைப் பல மாதத்தின் பின் மகன் மீட்டுக் கொடுத்தார்.

அன்றிரவு நாம் அவருக்கு ஒரு பழைய அப்பியாசக் கொப்பியைக் கொடுத்தோம். எந்தக் கடை, எந்தத் தேதி, எத்தனை துண்டு, குலுக்கும் நாள் எது என்று அதிற் குறித்து, பில்லையும் பின்னால் ஒட்டி வைக்கும்படி சொன்னோம். ‘இனித் துண்டே போடமாட்டேன்’ என்பார் என எதிர்பார்த்தோம். அவர் அப்படிச் சொல்லவில்லை. கொப்பி இப்போது தொலைபேசிக்கு அருகில் ஆணியிற் தொங்குகிறது. சில மாதங்களின் பின் மீண்டும் ஓர் அழைப்பு வந்ததாம். “பொறு தம்பி, எந்தக் கடைத் துண்டு, என்ன தேதி?” என்று கேட்டுக்கொண்டே கண்ணாடியைத் தேடியிருக்கிறார். கண்ணாடி கிடைக்குமுன் மறுபக்கம் வைத்துவிட்டார்கள்.

கடந்த நத்தாருக்கு, நமது ஊர்க் கடையில் அவருடைய துண்டொன்றுக்குச் சாமான் கூடை விழுந்தது. இரண்டு பக்கெற் பிஸ்கற், தேயிலை, சீனி, ஒரு பிளாஸ்ரிக் வாளி. வாங்கப் போகும்போது அடையாள அட்டை, பில் இரண்டோடு கொப்பியையும் கொண்டு போனார். கடைக்காரர் கொப்பியை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், வரிசை நகரவில்லை.