‘செத்துடலாம்னு தோணுதா?’ என்று கேட்கலாமா?

“உனக்கு என்ன குறை? கோயிலுக்குப் போயிட்டு வா, எல்லாம் சரியாயிடும்.” வாழவே பிடிக்கவில்லை என்று சொல்பவருக்கு நம் வீடுகளில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இதுதான். சொல்பவர் மனதில் பாசம்தான் இருக்கிறது. அடுத்து யாரிடம் போவது என்பதுதான் தெரிவதில்லை.

ஒருவர் ஏற்கெனவே தனக்குத் தீங்கு செய்துகொண்டுவிட்டார் என்றால் பேச்சுக்கு நேரமில்லை. 108ஐ அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று இங்கேதான் குடும்பங்கள் தயங்குகின்றன. அந்தப் பயம் பழைய சட்டம் விட்டுச்சென்றது. முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம். அவருக்குச் சிகிச்சை தருவதை அரசின் கடமையாகவும் ஆக்கியிருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை.

எண்ணம் மட்டும் இருக்கிறது என்றால் 14416. ‘டெலி மானஸ்’ என்ற பெயரில் 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவசச் சேவை. இரவிலும் தமிழில் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள். தமிழ்நாட்டில் 104ஐயும் அழைக்கலாம். மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பின் வழி சற்று வேறு. அங்கே தன்னார்வலர்கள் அறிவுரை சொல்வதில்லை, காதுகொடுத்துக் கேட்பார்கள்.

உடனிருப்பவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, நேரடியாகக் கேட்பது: “செத்துடலாம்னு தோணுதா?” கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. யாராவது கேட்டுவிட்டார்களே என்று ஆறுதல் அடைபவர்களே அதிகம். ஆமாம் என்றால் தனியே விடக் கூடாது. மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் கைக்கெட்டாமல் பூட்டிவைக்க வேண்டும். அந்த வேகம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணியும். அந்த நேரத்தைத் தாண்டவைப்பதுதான் வேலை. காட்டுமன்னார்கோவில் வட்டாரக் கிராமங்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பூட்டுள்ள பெட்டிகளில் பொது இடத்தில் வைக்கும் முறையை லட்சுமி விஜயகுமார் குழுவினர் சோதித்தது இதற்காகத்தான்.

மனம் தெளிவாக இருக்கும் நாளில் ஒரு தாளை எடுத்து, நெருக்கடி முற்றப்போகிறது என்பதை எது காட்டும், அப்போது எது அமைதி தரும், யாரைக் கூப்பிடுவேன் என்று எழுதிவைத்துக்கொள்ளலாம். ஸ்டான்லி, பிரவுன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வகுத்த முறை இது. இருட்டில் யோசிக்க முடியாத மூளைக்கு அந்தத் தாள் உதவும். சீரான தூக்கம், நடை, பேச ஒரு ஆள் எல்லாமே நல்லதுதான். ஆனால் சோர்வும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சுயஉதவியை மட்டும் நம்பியிருப்பது வீண் பிடிவாதம். மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஆலோசனையும் மருந்தும் இலவசம்.

மனச்சோர்வு மருந்து பலன் தரச் சில வாரங்கள் ஆகும். பத்தாம் நாளே “ஒண்ணும் பிரயோஜனமில்லை” என்று நிறுத்திவிடுகிறார்கள். உள்நோயாளியாகச் சேர்ந்திருந்தால், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் ஆபத்து அதிகமுள்ள காலம். மறுபரிசோதனைக்குப் போகும்போது வீட்டிலிருந்து ஒருவர் கூடவே போவது நல்லது.