கூற்றும் கேட்போரும்: ‘ராஷோமோன்’, ‘அந்த நாள்’ – ஓர் ஒப்பீடு

தாம்பரத்தில் முதுகலை மாணவர் சிலருடன் ‘ராஷோமோன்’ என்னும் ஜப்பானியத் திரைப்படத்தை அண்மையில் கண்டேன். அகிரா குரோசாவாவின் இயக்கத்தில் 1950இல் வெளிவந்தது அது. படம் முடிந்ததும் மாணவர் ஒருவர், “நம் ‘அந்த நாள்’ இதன் வழிநூல்தானே?” என்று வினவினார். வீணை வல்லுநர் எஸ். பாலசந்தர் இயக்க, ஏவி.எம். நிறுவனம் 1954இல் வெளியிட்ட படம் ‘அந்த நாள்’. ராஷோமோனைக் கண்டு பாலசந்தர் ஊக்கம் பெற்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. ஆயினும், மாணவரின் வினாவுக்கு ‘ஆம்’ என்னும் ஒரு சொல் விடையாகாது. அதன் காரணத்தை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ராஷோமோன், அகுதாகவாவின் இரு சிறுகதைகளைத் தழுவியது. காட்டில் சாமுராய் ஒருவன் இறந்து கிடக்கிறான். கள்வன், சாமுராயின் மனைவி, ஆவியேறிய பெண்ணின் வாயிலாகப் பேசும் சாமுராய், விறகுவெட்டி ஆகிய நால்வரும் அந்நிகழ்ச்சியை நால்வேறு வகையாகக் கூறுகின்றனர். ‘அந்த நாள்’ படத்தில் ராஜன் என்னும் வானொலிப் பொறியாளன் சுடப்பட்டு இறக்கிறான். அவனைச் சூழ்ந்தோர் ஒவ்வொருவரும் தாம் அறிந்ததை உரைக்கின்றனர். கூற்றுப் பலவாதல் இரண்டற்கும் பொது. இவ்வளவில் நிற்போர் வழிநூல் என்றே முடிவு செய்வர்.

தொல்காப்பியச் செய்யுளியலோ, தான் வகுக்கும் 34 உறுப்புகளுள் கூற்றையும் கேட்போரையும் வெவ்வேறு உறுப்புகளாக எண்ணுகின்றது. பயனும் தனி உறுப்பே. சொல்வார் ஒருவரே ஆயினும் கேட்பார் மாறின் சொல்லும் மாறும் என்பதை அகப்பாடல் பயின்றோர் அறிவர். தலைவன் சிறைப்புறத்தானாக, தலைவி தோழிக்குச் சொல்வாள் போன்று நிகழ்த்தும் கூற்றுகளை நினைக.

ராஷோமோனின் விறகுவெட்டி இதற்குத் தக்க சான்று. வழக்குமன்றத்தில் பிணத்தைக் கண்டதாக மட்டும் கூறியவன், மழைக்கு ஒதுங்கிய வாயிலில் நிகழ்ச்சி முழுவதையும் கண்டதாகக் கூறுகிறான். கேட்போர் மாறக் கூற்றும் மாறிற்று. அங்கும், குறுவாளைக் கவர்ந்ததை மறைக்கிறான். மன்றக் காட்சிகளிலோ நடுவரின் உருவமும் இல்லை, குரலும் இல்லை. சான்று கூறுவோர் நம்மை நோக்கியே பேசுகின்றனர். காண்போரே கேட்போர் ஆதலின் தீர்ப்பும் நம்மிடமே எஞ்சுகின்றது. உண்மை இதுவென அறுதியிடாமல், கைவிடப்பட்ட குழந்தையை விறகுவெட்டி ஏந்திச் செல்வதோடு படம் முடிகின்றது.

‘அந்த நாள்’ படத்தில் கேட்போர் துப்பறியும் அதிகாரி சிவானந்தம். ஐயங்களை ஒவ்வொன்றாகக் களைந்து உண்மை காண்டல் அவர் கடமை. கதை, 1943இல் ஜப்பானிய வானூர்தி சென்னையில் குண்டு வீசிய நாளை ஒட்டியது. ராஜன் நாட்டின் மறைபொருளை ஜப்பானியர்க்கு விற்றவன். நாட்டுப்பற்றுடைய மனைவி உஷாவின் கையாலேயே அவன் மடிகிறான். உண்மை ஈண்டு ஐயமாகவே நின்றுவிடின், கணவனுக்கும் நாட்டுக்கும் இடையே நின்று அவள் பட்ட துன்பம் பொருளற்றுப் போகும். பாட்டையும் நடனத்தையும் சண்டையையும் நீக்கத் துணிந்த இயக்குநர், தீர்வை மட்டும் நீக்காமைக்கு இதுவே காரணம் எனக் கருதலாம்.

தொல்காப்பியர் திரைப்படத்துக்கு இலக்கணம் வகுத்தார் என்பது இதன் கருத்தன்று. அவர் பிரித்துக் காட்டிய உறுப்புகள், ஒன்றுபோல் தோன்றும் இரு படைப்புகளின் வேறுபாட்டைக் காணத் துணைசெய்கின்றன என்பதே கருத்து. பாலசந்தர் கூற்று முறையைக் கடன் கொண்டார், கேட்போரை மாற்றினார், அதனால் பயன் வேறாயிற்று. முதனூலின் முடிபோடு முற்றும் ஒத்து, வேண்டிய வேறுபாடுகளைக் கூறுவதே வழிநூல் என்பர் நன்னூலார். ‘அந்த நாள்’ வேறுபடுவதோ முடிபிலேயே. ஆதலின் அதனை வழிநூல் என்பது பொருந்தாது.